கல்லும் காணியும்

பழந்தகடூர்ப் பகுதியான தருமபுரி மாவட்டத்தில், கி.பி. 13ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் வழிக்கற்கள் இரண்டு கிடைத்துள்ளன. அதியமான் பெருவழியில் நாவல்தாவளம் எத்தனை காதம் என்பதை அவை அறிவிக்கின்றன. ஒன்று 27 காதம் என்கிறது. மற்றொன்று 29 என்கிறது. எழுத்தோடு குழிகளும் உண்டு. பத்துக்குப் பெருங்குழி, ஒன்றுக்குச் சிறுகுழி. எழுத்தறியா வழிப்போக்கனும் விரலால் தடவித் தொலைவை உணரலாம். வழி நடப்பவன்பால் பரிவு கொண்டு நட்ட கற்கள் அவை.

அதே தருமபுரி வழியே 2018இல் வேறொரு பெருவழி திட்டமிடப்பட்டது. சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளத்தில், 10,000 கோடி ரூபாய் மதிப்பில் எட்டுவழிச் சாலை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்களின் வயல்களையும் தோப்புகளையும் காடுகளையும் அது ஊடறுக்க இருந்தது. அவ்வாண்டு சூன் திங்களில் சேலத்தை அடுத்த அடிமலைப்புதூர், குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி முதலிய சிற்றூர்களில் அளவைக் கற்கள் நடப்பட்டன. இக்கற்கள் எவருக்கும் தொலைவு சொல்லவில்லை; 'இந்நிலம் இனி உன்னுடையதன்று' என்று உழவனிடம் சொல்லின. கிணறும் தென்னையும் வீடும் கோட்டுக்குள் அகப்பட்டன. பெண்கள் வயலில் நின்று மறித்தனர், காவலர் அவர்களை அப்புறப்படுத்தினர், கைதுகள் நிகழ்ந்தன.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரை அடுத்த டுவைஃபோர்டு டவுன் என்னும் சுண்ணக் குன்றைக் காக்க, 1992இல் இளைஞர்கள் அதன்மேல் கூடாரமிட்டுத் தங்கினர். குன்று பிளக்கப்பட்டது, 1994இல் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. ஆயினும் 1989இல் அவ்வரசு அறிவித்திருந்த சாலைத் திட்டங்களுள் பல பின்னர்க் கைவிடப்பட்டன. அங்கே குன்றின் அழகும் தொன்மையும் வழக்காயின. இங்கே வழக்கானது சோறு.

உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். நிலத்தைக் கையகப்படுத்துமுன்னரே வருவாய்த்துறைப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயர் மாற்றப்பட்டிருந்தது. மண்ணில் நின்று உழுதவன் ஏட்டில் இல்லாதவனானான். 2019 ஏப்ரல் 8ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை நீக்கி, பதிவேடுகளைப் பழையபடி திருத்த ஆணையிட்டது. 2020 திசம்பர் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வறிவிக்கைகளைச் செல்லுமென்றது. எனினும் சுற்றுச்சூழல் ஒப்புதலின்றிப் பணி தொடங்கலாகாது என்றும், பெயர் மாற்றம் முறையன்று என்றும் உரைத்தது. வெற்றி முழுமையன்று, ஆனால் அழிக்கப்பட்ட பெயர் ஏட்டுக்குத் திரும்பியது.

சாலையே வேண்டாம் என்பது அவ்வூரார் வாதமன்று. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலும் நிலத்தை வெட்டி எழுந்ததே. புத்தூர் மக்கள் அதை நன்கறிவர். அவ்வாய்க்கால் சென்ற வழியெல்லாம் வயலுக்கு நீர் தந்தது. எட்டுவழிச் சாலை அடிமலைப்புதூருக்கு என்ன தரும் என்பதே அங்கு எழுந்த வினா. அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் அளவைக் கல்லோடு வந்தவர்கள். கேட்டவர்களோ வயலில் நின்றவர்கள்.