மரப் படிக்கட்டு வண்ணப்பூச்சு

மரப் படிக்கட்டு வண்ணப்பூச்சு என்பது வீட்டின் உட்புறத்தில் உள்ள மரப் படிகளுக்கு, காலடித் தேய்மானத்தைத் தாங்கும் வகையில் நிறம் பூசும் வேலை ஆகும். கதவில் பல ஆண்டுகள் நிலைக்கும் பூச்சு, படியில் சில மாதங்களிலேயே உரிந்துவிடுவது உண்டு. ஏறி இறங்குவோரின் எடை பலகையின் முன்விளிம்பில் மீண்டும் மீண்டும் விழுகிறது. காலணியில் ஒட்டிவரும் மணல் உப்புத்தாள் போல் அராவுகிறது. ஆயினும் பூச்சின் விலையை விட அதன் அடியிலுள்ள பரப்பே ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பழைய படிகளும் ஈயமும்

பிரித்தானியாவில் விக்டோரியா காலத்து (1837-1901) வீடுகளின் படிகள் பெரும்பாலும் பைன் போன்ற மென்மரத்தால் ஆனவை. படிகளின் நடுவே கம்பளம் விரிக்கப்பட்டதால் இரு ஓரங்களுக்கு மட்டும் வண்ணம் பூசுவது வழக்கமாக இருந்தது. கம்பளம் மறைக்கும் இடத்துக்குப் பூச்சைச் செலவிடுவானேன் என்று எண்ணினர் போலும். இன்று அக்கம்பளத்தை அகற்றுவோர் நடுவில் வெறும் மரத்தையும் ஓரங்களில் தடித்த பல அடுக்குப் பூச்சையும் காண்கின்றனர்.

அவ்வடுக்குகளில் ஈயச் சேர்மங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் 1978 இல்தான் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு விதிகள் மில்லியனுக்கு 90 பங்கு என்ற வரம்பை விதித்தன. அவை 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. ஈயப் பூச்சை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசு தரையில் படிந்து, தவழும் குழந்தைகளின் கைவழியே வாய்க்குள் செல்கிறது. இது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பழைய வீடுகளில் முதலில் ஈயச் சோதனை செய்தல் வேண்டும். ஈயம் இருப்பின் உலரத் தேய்ப்பதும் தீச்சுவாலையால் எரித்து நீக்குவதும் கூடாது. அடுக்குகளை நீக்கியே ஆகவேண்டுமெனில் பயிற்சி பெற்றவர்களிடம் விடுவதே நன்று.

பரப்பைத் தயாரித்தல்

ஆடும் பலகைகள் முதலில் இறுக்கப்படுகின்றன. பின்னர் எண்ணெய்ப் பிசுக்கு சலவைச் சோடா நீரால் கழுவப்பட்டு, நல்ல நீரால் அலசி உலரவிடப்படுகிறது. பிசுக்கின் மேல் தேய்த்தால் அது மரத்துக்குள் இறங்குமேயன்றி நீங்காது.

ஈயமில்லாத பரப்பை 80 அல்லது 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 180 எண் வரை மரத்தின் இழையோட்டத்திலேயே தேய்ப்பர். பளபளப்பான எண்ணெய்ப் பூச்சைத் தேய்க்காமல் அதன் மேல் நீர்ப் பூச்சு இட்டால் தோல்போல உரிந்து வரும். பழைய பூச்சு எவ்வகை என்று அறிய, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். நீர்ப் பூச்சு இளகும், எண்ணெய்ப் பூச்சு இளகாது. பைன் மரக் கணுக்களில் கசியும் பிசின் வெள்ளைப் பூச்சில் பழுப்புக் கறையாகத் தோன்றும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பூச்சு இதைத் தடுக்கும்.

பூசுதல்

பிரைமர் ஒன்றும், தரைக்கென உள்ள எனாமல் இரண்டும் மெல்லிய பூச்சுகளாக இடப்படுகின்றன. தடித்த ஒற்றைப் பூச்சு மேலே உலர்ந்து உள்ளே இளகியே இருக்கும். வேலை மேலிருந்து கீழாக நடைபெறும். வேறு வழியில்லாத வீட்டில் ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசி, அவை உலர்ந்தபின் மற்றவற்றைப் பூசுவர். வழுவழுப்பான எனாமலில் கால் வழுக்கும் என்பதால், கடைசிப் பூச்சில் நுண்மணல் கலப்பது உண்டு.

உலர்தலும் இறுகுதலும் வேறு வேறு. நீர்ப் பூச்சில் நீர் ஆவியானபின் பலபடித் துகள்கள் ஒன்றிணைகின்றன. எண்ணெய்ப் பூச்சு காற்றின் ஆக்சிசனோடு வினைபுரிந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்தாலும், முழுதும் இறுக ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை ஆகலாம். பூச்சு கெடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அதுவரை காலணியுடன் ஏறுவதும் கம்பளம் விரிப்பதும் தவிர்க்கப்படுகின்றன.

ஆளிவிதை எண்ணெய் சார்ந்த பூச்சைத் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால், அதே ஆக்சிசன் வினையின் வெப்பத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துதல் வேண்டும்.