ஹார்லெம் மருத்துவமனைச் சுவர்களும் உள்ளூர் ஓவியர்களும்

1936ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் ஹார்லெம் மருத்துவமனையில் சுவரோவியங்கள் தீட்ட ஏற்பாடாயிற்று. செலவு அரசுடையது, சுவர் மட்டுமே மருத்துவமனையுடையது. ஓவியர்கள் மாதிரி வரைவுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் லாரன்ஸ் டெர்மடி அவற்றில் நான்கை ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். நகர மருத்துவமனைகளின் ஆணையர் கோல்ட்வாட்டரும் அவர் பக்கமே நின்றார். படங்களின் தரத்தைப் பற்றி அவர்கள் குறை சொல்லவில்லை. படங்களில் கறுப்பின மக்கள் அளவுக்கு மீறி இருக்கிறார்கள் என்பதுதான் குறை.

மறுப்புக்கு நான்கு காரணங்கள் சொல்லப்பட்டன. முதலாவது, மேலே சொன்ன அதே குறை. இரண்டாவது, இன்னும் 25 ஆண்டுகளில் ஹார்லெம் கறுப்பின மக்களின் பகுதியாகவே இல்லாமல் போகலாம். மூன்றாவது, தங்களை இப்படிச் சுவரில் வரைவதைக் கறுப்பின மக்களே விரும்பாமல் இருக்கலாம். நான்காவது, இது அவர்களுக்கென்று கட்டிய மருத்துவமனை அல்ல. அவர்களுக்கு மட்டும் ஏன் தனி இடம்? நான்கையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: வார்டில் படுத்திருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கட்டில்களில் கிடந்தவர்களும், வெளியே வரிசையில் காத்திருந்தவர்களும் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்கள் சுவரில் இருப்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

இந்தத் தகராறின் வேர் அந்த மருத்துவமனையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1887இல் ஒரு பழைய மாளிகையில் சிறிய அளவில் தொடங்கிய ஹார்லெம் மருத்துவமனை, 1907இல் லெனாக்ஸ் அவென்யூவுக்கு இடம் மாறியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து பருத்தி வயல்களையும் இன ஒடுக்குமுறையையும் விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே வந்தார்கள். ஹார்லெம் அவர்களுடைய ஊராயிற்று. மருத்துவமனையோ அந்த மாற்றத்துக்கு மெதுவாகவே வழிவிட்டது. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1915இல் பட்டம் பெற்ற லூயிஸ் ரைட் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் 1919இல்தான் அங்கே நியமனம் பெற்றார். அதுவும் எதிர்ப்புக்கு நடுவே. நகரின் பெரும்பாலான செவிலியர் பள்ளிகள் கறுப்பினப் பெண்களுக்குக் கதவை அடைத்து வைத்திருந்ததால் 1923இல் அவர்களுக்கென்று இங்கே ஒரு செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. 1935 மார்ச்சில் ஹார்லெமில் கலவரம் மூண்டது. காரணங்களை ஆராய மேயர் லாகார்டியா ஒரு குழுவை அமைத்தார். சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் நடத்திய ஆய்வு, வீட்டு வாடகை, வேலையின்மை, காவல்துறையின் கெடுபிடி ஆகியவற்றோடு இந்த மருத்துவமனையின் நெரிசலையும் அங்கே நிலவிய பாகுபாட்டையும் சேர்த்தே பேசியது. மக்கள் நம்பிக்கை இழந்திருந்த ஒரு மருத்துவமனையின் சுவரில்தான் ஓவியர்கள் ஏணி சாத்த வந்தார்கள்.

அவர்களை அனுப்பியது, பெருமந்த காலத்தில் வேலை இழந்தோருக்கு வேலை கொடுக்க அதிபர் ரூஸ்வெல்ட் அரசு 1935இல் தொடங்கிய கூட்டாட்சிக் கலைத் திட்டம். கொத்தனாருக்குப் பாலம் கட்டவும் தச்சருக்குப் பள்ளிக்கூடம் கட்டவும் கூலி உண்டென்றால், ஓவியருக்கு ஓவியம் தீட்டவும் கூலி உண்டு என்பது அதன் கொள்கை. நியூயார்க்கில் வாரத்துக்கு 23 டாலர் சொச்சம். சொற்பத் தொகைதான். ஆனாலும் ஓவியரைப் புரவலர் தயவை எதிர்பார்ப்பவராக வைக்காமல் உழைப்பாளியாக மதித்துச் சம்பளப் பட்டியலில் சேர்த்த திட்டம் அது. அந்த மதிப்பு இன்று பல நாடுகளில் இல்லை. நம் நாட்டிலும் இல்லை.

ஹார்லெம் மருத்துவமனைப் பணிக்குப் பொறுப்பேற்றவர் சார்லஸ் ஆல்ஸ்டன். 1907இல் வட கரோலைனாவின் சார்லட் நகரில் பிறந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தக் கலைத் திட்டத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். மேற்கு 141ஆம் தெருவில் 306 என்ற எண்ணுள்ள கட்டடத்தில் அவர் நடத்திய கலைக்கூடத்துக்கு ஓவியர்களும் எழுத்தாளர்களும் இசைவாணர்களும் வந்து போவார்கள். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஜேக்கப் லாரன்ஸ் அவரிடம் படித்தவர். மெக்சிகோவின் டியேகோ ரிவேரா 1933இல் ராக்ஃபெல்லர் மையத்தில் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது ஆல்ஸ்டன் போய்ப் பார்த்திருக்கிறார். சுவரோவியம் என்பது தெருவில் போகிறவரோடு பேசும் கலை என்பதை ரிவேராவிடம் கண்டார். அடுத்த ஆண்டே ராக்ஃபெல்லர் தரப்பு அந்த ஓவியத்தை உடைத்தெறிந்தது. சுவரின் சொந்தக்காரரிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் ஆல்ஸ்டனுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஆனாலும் மருத்துவமனை மறுத்தபோது ஓவியர்கள் ஒதுங்கிப் போகவில்லை. ஹார்லெம் கலைஞர்கள் சங்கமும் நகரின் ஓவியர் சங்கமும் கண்டனம் தெரிவித்தன. பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் போயிற்று. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்தது. ஓவியங்களுக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்க அரசு கறுப்பின ஓவியர்களிடம் ஒப்படைத்த முதல் பெரிய சுவரோவியப் பணிகளில் ஒன்று இப்படிப் போராடித்தான் நிலைத்தது.

ஆல்ஸ்டன் தீட்டியவை இரண்டு படங்கள். ஒன்று மருத்துவத்தில் மந்திரம், மற்றது நவீன மருத்துவம். இரண்டையும் இணையாகவே பார்க்க வேண்டும். முதல் படம் ஆப்பிரிக்கா. காபோன் நாட்டு ஃபாங் மக்கள் முன்னோரின் எலும்புப் பேழைக்குக் காவலாக வைக்கும் மரச்சிற்பம் ஒன்று அதில் பெரிதாக எழுந்து நிற்கிறது. 1935இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய ஆப்பிரிக்கக் கலைக் காட்சியில் இப்படிப்பட்ட சிற்பங்களை ஆல்ஸ்டன் நெருங்கி நின்று பார்த்திருந்தார். சிற்பத்தைச் சுற்றி மக்கள், இயற்கை, சடங்கு. இரண்டாவது படத்தில் நுண்ணோக்கி, வெள்ளுடை, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தோளோடு தோள் நின்று செய்யும் மருத்துவப் பணி. அன்றைய அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் அப்படி ஒரு காட்சியைக் கனவில்தான் காண முடியும்.

முதல் படத்தை மூடநம்பிக்கை என்றும் இரண்டாவதை அறிவு என்றும் ஏணிப்படி கட்டிவிடுவது சுலபம். ஆல்ஸ்டன் அப்படிச் செய்யவில்லை. இரண்டு படங்களுக்கும் ஒரே அளவு, ஒரே கம்பீரம். நோயைத் தீர்க்க மனிதன் எடுத்த இரண்டு முயற்சிகளாக அவை எதிரெதிரே நிற்கின்றன. தென்மாநிலத்திலிருந்து வந்த ஒரு கிழவி தன் பாட்டி கொடுத்த வேர்மருந்தை நினைத்துக்கொண்டு இந்த மருத்துவமனைக்குள் நுழைந்திருப்பாள். அந்த நினைவுக்காக அவள் வெட்கப்பட வேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரிச் சுவரே அவளுக்குச் சொல்லியிருக்கும். நாட்டு மருத்துவமும் ஆங்கில மருத்துவமும் ஒரே வீட்டில் புழங்கும் நம்மவர்களுக்கு இதன் அருமை விளங்கும். நவீன மருத்துவம் படத்தில் குழந்தையைக் கையில் ஏந்திய பெண்ணுக்கு மாதிரியாக நின்றவர் அங்கே பயிற்சி மருத்துவராக இருந்த மைரா லோகன். பிற்பாடு இதய அறுவை சிகிச்சை செய்த முதல் பெண்களில் ஒருவராகப் பெயர் பெற்ற அவரை, 1944இல் ஆல்ஸ்டன் மணந்துகொண்டார்.

ஆல்ஸ்டனோடு இந்தப் பணியில் இருந்த வெர்டிஸ் ஹேஸ் அட்லாண்டாவில் பிறந்தவர். அவர் தீட்டிய மகிழ்ச்சியைத் தேடி என்ற எட்டுப் பகுதி ஓவியம் ஒரு தாழ்வாரத்தின் நீளத்துக்கு ஓடியது. ஆப்பிரிக்கக் கிராமத்தில் தொடங்கி, தென்மாநில வயல்களைக் கடந்து, வடக்கே வந்து, நகரத்தில் தொழிலும் படிப்பும் கைவந்த வாழ்க்கை வரை அது நீள்கிறது. தாழ்வாரத்தில் வைத்ததுதான் இதன் நயம். அவ்வழியே போகிறவர்கள் நடந்துகொண்டேதான் அதைப் பார்க்க முடியும். பல தலைமுறைகளின் பயணத்தை அவர்கள் கால்நடையாகவே கடந்தார்கள்.

ஜார்ஜெட் சீப்ரூக் இந்த ஓவியர்கள் எல்லாரிலும் இளையவர். 1916இல் பிறந்தவர்; கூப்பர் யூனியன் கலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவருக்கு அப்போது இருபது வயதுதான். செவிலியர்களின் ஓய்வறையில் ஏறக்குறைய 20 அடி நீளச் சுவரில் ஹார்லெமில் பொழுதுபோக்கு என்ற படத்தைத் தீட்டினார். அதில் நோய் இல்லை, மருந்து இல்லை, மருத்துவரும் இல்லை. சேர்ந்து பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், நாடகம் போடுகிறார்கள், பெண்கள் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள். அந்த ஓய்வறையில் வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்று நினைத்தால்தான் இந்தத் தேர்வின் நுட்பம் புரியும். இரவெல்லாம் வார்டில் நின்று கால் வீங்கிய பெண்கள். பெரும்பாலான பள்ளிகள் சேர்க்க மறுத்ததால் இங்கே செவிலியர் படிப்புப் படித்தவர்கள். அவர்களுக்கு இன்னொரு முறை ஊசியையும் கட்டுத்துணியையும் வரைந்து காட்டி என்ன பயன்? கதவுக்கு வெளியே இருந்த அவர்கள் தெருவையே சீப்ரூக் உள்ளே கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை முகங்களையும் சேர்க்கச் சொல்லி அவருக்கு நெருக்கடி வந்தது, சிலவற்றைச் சேர்த்தார். அதனால் அந்தப் படம் ஹார்லெமின் படமாக இல்லாமல் போய்விடவில்லை.

மருத்துவமனை தன் நோயாளிகளையே சுவரில் காட்டுவது அன்றைக்கும் புதுமையல்ல. இத்தாலியின் சியெனா நகரில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற பழைய மருத்துவமனையில் அந்த மண்ணின் ஓவியர் தொமேனிகோ தி பார்த்தோலோ 1440களில் நோயாளிகள் படுக்கும் கூடத்திலேயே அந்தக் கூடத்தின் அன்றாடத்தைத் தீட்டினார். தொடையில் வெட்டுக்காயத்தோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பணியாள் அவனைக் கழுவிவிடுகிறார். மருத்துவர்கள் சிறுநீர்க் குடுவையைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். முன்னால் நாயும் பூனையும் சண்டை போடுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் அந்தப் படங்களின் கீழே கட்டில்கள் கிடந்தன. லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்த வில்லியம் ஹோகார்த், அதன் மாடிப்படிச் சுவர்களைத் தீட்டும் பணியை வெனிஸ் நகர ஓவியர் ஒருவருக்குக் கொடுக்கப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டு, நானே கூலியில்லாமல் செய்கிறேன் என்று முன்வந்து, 1736, 1737 ஆண்டுகளில் அவற்றை நிறைத்தார். அதில் உள்ள நோயாளி முகங்களைப் பார்த்து இன்ன நோய் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. சியெனாவிலும் லண்டனிலும் இயல்பாக நடந்த ஒன்றுக்குத்தான் ஹார்லெமில் அதிபர் வரை கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ஹார்லெம் பணியில் ஆல்ஃபிரட் கிரிமி என்ற ஓவியரும் இருந்தார். சிசிலியில் பிறந்து ஹார்லெமில் இத்தாலியர் வாழ்ந்த பகுதியில் வளர்ந்தவர். நவீன அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் என்ற அவருடைய படம் ஃபிரெஸ்கோ முறையில் அமைந்தது. ஈரம் காயாத சுண்ணாம்புக் காரையின் மேல், நீரில் குழைத்த நிறத்தைத் தீட்டுவார்கள். காரை காற்றோடு சேர்ந்து இறுகும்போது நிறமும் சுவரின் உடம்பாகிவிடும். ஒரு நாளில் தீட்டி முடிக்கும் அளவுக்கு மட்டுமே அன்றன்று காரை பூச வேண்டும். பூசியது காய்ந்துவிட்டால் கொத்தி எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். இதே கிரிமி, நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் 1938இல் தீட்டி முடித்த சுவரோவியத்தை 1946இல் அந்தச் சபையார் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1949இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: விற்ற பொருளின் மேல் ஓவியருக்கு உரிமை எதுவும் மிச்சமில்லை என்றது நீதிமன்றம். நம் நாட்டுச் சட்டம் இதில் மேல். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் வடித்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தரும் அந்தப் பாதுகாப்பை, சுவரில் தூரிகை வைக்கும் ஒவ்வொருவரும் சுவரைத் தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஹார்லெம் ஓவியங்களும் கேடின்றித் தப்பவில்லை. நீர்க் கசிவு, கட்டட மாற்றம், அக்கறையின்மை எல்லாம் சேர்ந்து அவற்றைச் சிதைத்தன. சீப்ரூக்கின் படத்தின் மேல் பெயின்ட் அடித்தே மூடிவிட்டார்கள். ஆனால் 25 ஆண்டுகளில் ஹார்லெம் மாறிப்போகும் என்ற ஆரூடம் பொய்த்தது. அந்தக் கெடு முடியும் முன்னரே, 1958 செப்டம்பரில், ஹார்லெமில் ஒரு கடையில் கத்திக்குத்துப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கை இதே மருத்துவமனைக்குத்தான் தூக்கிவந்தார்கள். அவர் உயிரைக் காத்த அறுவை சிகிச்சைக் குழுவில் கறுப்பின மருத்துவர்கள் முன்நின்றார்கள்.

பழைய கட்டடங்களை இடிக்கும் நிலை வந்தபோது ஓவியங்களைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. கான்வாஸில் உள்ளதைச் சுவரிலிருந்து உரித்துவிடலாம். காரையில் உள்ளதைக் காரையோடு பெயர்த்து எடுப்பது பெரும்பாடு. அதற்கு முன்னால் மேலே படிந்த பெயின்டை அடுக்கடுக்காக, விரல்நுனி அளவு இடமாக, அடிநிறம் கெடாமல் நீக்கியாக வேண்டும். இந்த வேலையை முடித்து, அவற்றுக்கென்றே ஒரு கூடம் வைத்து எழுந்த புதிய கட்டடத்துக்குச் சுவரோவியப் பெவிலியன் என்று பெயரிட்டு 2012இல் திறந்தார்கள். ஹேஸின் மகிழ்ச்சியைத் தேடி ஓவியத்தின் காட்சிகளைப் பல மாடி உயரத்துக்குப் பெருக்கி, லெனாக்ஸ் அவென்யூவைப் பார்த்த கண்ணாடி முகப்பில் பதித்திருக்கிறார்கள். இரவில் விளக்கேற்றினால் தெருவெல்லாம் தெரிகிறது. ஒருகாலத்தில் உள்ளேயே விட மறுத்த முகங்கள் அவை.

ஹேஸ் பின்னர் மெம்ஃபிஸ் போய் லெமாய்ன் கல்லூரியில் ஓவியத் துறையை நிறுவினார். ஆல்ஸ்டன் 1970இல் வடித்த மார்ட்டின் லூதர் கிங்கின் மார்பளவுச் சிலை, வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் உருவம். சீப்ரூக் வாஷிங்டனில் குடியேறி, முறைப்படி பயிற்சி பெற்றுக் கலைவழிச் சிகிச்சையாளர் ஆனார். இருபது வயதில் மருத்துவமனைச் சுவரில் தான் தீட்டியவர், பிற்காலத்தில் நோயாளிகளின் கையில் தூரிகையைக் கொடுத்து அவர்களைத் தீட்டச் சொன்னார்.