அவுட்டோர் யூனிட் (ஏ.சி.)

ஸ்பிளிட் ஏ.சி.யின் வெளிப்பெட்டி. அறையில் உறிஞ்சிய வெப்பத்தைத் தெருவில் கொட்டுவது இதன் வேலை. கம்ப்ரசர், செம்புக் குழாயில் அலுமினியத் தகடுகள் கோத்த காயில், மின்விசிறி ஆகியவை உள்ளே இருக்கும். கம்ப்ரசர் அழுத்திய கேஸ் வெளிக்காற்றைவிடச் சூடேறி, காயிலில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட நாளிலும் வெப்பம் வெளியேற, கேஸ் அதைவிடச் சூடாக இருந்தே தீர வேண்டும். கோடையில் கம்ப்ரசர் திணறுவதும் கரன்ட் பில் ஏறுவதும் இதனால்தான். ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து எடுப்பது சுமார் 3.5 கிலோவாட், தான் உண்ணும் மின்சாரத்தையும் சேர்த்து அது வெளியே விடுவது நாலரையை நெருங்கும்.

புளியந்தோப்பு, ராயபுரம், எண்ணூர் என வடசென்னையில் இதற்கு இரண்டு பகை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் படிந்தால், செம்பைத் தொடும் இடத்தில் அலுமினியம் அரித்துத் தகடுகள் உதிரும். அடுத்தது இடநெருக்கடி. குறுகிய சந்தில் எதிரெதிரே மாட்டினால், ஒன்று கக்கும் அனலை மற்றது இழுத்துக்கொள்ளும். எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் பயனில்லை. இங்கே அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள காயிலே ஏற்றது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவுங்கள். உப்புக்கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம்.