றகரம் இருந்த இடம்

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் மூன்று என்ற எண்ணுக்கு மூன்று ஒலிகள் உண்டு. உள்ளூர்த் தமிழில் அது 'மூணு'. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் தெலுங்கில் 'மூடு'. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஈழத்துப் பேச்சோடு வந்தவர்களுக்கு 'மூண்டு'. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. பிரித்தது ஓர் எழுத்து: றகரம்.

நாம் இன்று றகரத்தை 'வல்லின ற' என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் அதைச் சற்று அழுத்திய ரகரமாகவே உச்சரிக்கிறோம். அப்படியானால் க, ச, ட, த, ப என்ற தடையொலிகளின் வரிசையில் இலக்கணிகள் இதை ஏன் வைத்தார்கள்? தொல்காப்பியத்தின் பிறப்பியல் விடை தருகிறது. ரகர ழகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை வருடுகிறது. றகர னகரங்களுக்கோ ஒற்றுகிறது. அதாவது, றகரம் ஒரு காலத்தில் தகரத்துக்கும் டகரத்துக்கும் இடையே, பல்லின் மேல் ஈறில் பிறந்த முழுத் தடையொலி. பிராகிருதத்தில் இல்லாத ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பிராமி தனி வடிவங்கள் கண்டதும் இக்காரணத்தால்தான்.

பிறகு அவ்வொலி சிதறியது. தமிழகப் பேச்சில் காற்று 'காத்து' ஆனது. றகரம் பல்லுக்கு இறங்கிவிட்டது. தெலுங்கில் அது ரகரத்தோடு கலந்து, அதற்குரிய 'பண்டி ர' என்ற எழுத்தே வழக்கொழிந்தது. மலையாளமும் நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளும் பழைய ஒலியைக் காத்தன. யாழ்ப்பாணத் தமிழும் 'ற்ற' என்ற இரட்டிப்பில் அதைக் காத்தது. ஆயினும் 'ன்ற' வரும் இடத்தில் அங்கும் அது 'ண்ட' என்று நாமடி ஒலியாகிவிட்டது. முழுமையாகக் காத்தவர் என்று எவரையும் சொல்ல இயலாது.

தடையொலி தளர்ந்து ரகரமாவது தமிழுக்கே உரிய விந்தையன்று. ஆப்பிரிக்காவின் கொம்பில் பேசப்படும் குஷித்திய மொழியான சோமாலியில் நம் டகரத்தை ஒத்த நாமடி ஒலி ஒன்றுண்டு. 'சிறுமி' என்று பொருள்படும் 'கபட்' என்ற சொல் அம்மொழியின் வேறு வழக்குகளில் 'கபர்' என்று ஒலிக்கிறது. 1972-இல் சோமாலிக்கு இலத்தீன் எழுத்து அதிகாரபூர்வமானபோதும் இரு வடிவங்களும் நிலைத்தன. அங்கே பேச்சு மாற, எழுத்தும் உடன்வந்தது. தமிழிலோ பேச்சு மாறிய பின்னும் எழுத்து பழைய ஒலியின் தடத்தைச் சுமக்கிறது.

அத்தடத்தை நாம் பிழையென்று எண்ணுவதும் உண்டு. ஈழத்து எழுத்தாளர் 'ரொறன்ரோ', 'கொமிற்றி', 'இன்ரநெற்' என்று எழுதும்போது தமிழக வாசகர் புன்னகைக்கிறார். ஆங்கிலத்தின் அவ்வொலி பல்லின் மேல் ஈறில் பிறப்பது. அதை அதே இடத்தில் பிறக்கும் றகரத்தோடு ஈழத்துச் செவி இணைத்தது. நாமோ டகரத்தோடு இணைத்து 'டொராண்டோ' என்கிறோம். ஒலியியல் நோக்கில் அவர்களுடைய செவி கூர்மையானது.

1983 முதல் அலையலையாக வந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் மட்டுமல்லர். மன்னார், வவுனியா, திருகோணமலை மக்களும், தமிழகத்துக்கு நெருக்கமான பேச்சுடைய மலையகத்தாரும் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழகப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் 'எண்டு', வகுப்பில் 'என்று', தெருவில் 'ன்னு'. ஒரு சொல் எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்கும் சூழலில், பிள்ளைகள் முதலில் கைவிடுவது ஒலியைத்தான்.

ஆனால் ஒலியை மாற்றிக்கொண்டாலும் சட்டம் அவர்களை உள்ளூராராக ஏற்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறப்பது மட்டுமே குடியுரிமைக்குப் போதுமானதன்று. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2019-இன் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லது, நிலை மாறவில்லை.

தொல்காப்பியர் காலத்து ஒலியொன்றைத் தேடி நாம் நீலகிரிக்கும் கேரளத்துக்கும் செல்கிறோம். அதன் எச்சம் சென்னைக்கு வடக்கே, புறநகர் ரயில் நிற்கும் தொலைவில் இருக்கிறது. அதைப் பேசுபவர்களுக்கு ஓர் ஊர் வேண்டும்.