உழைத்து ஓய்ந்த புரவிக்கு உணவு

போர்க்களத்துப் புரவியைப் புகழும் நூல்கள் பல. பல் தேய்ந்து, கால் தளர்ந்து, சுமை இறக்கிய புரவியின் நிலையை எண்ணிப் பார்த்தவை சிலவே. அவற்றுள் ஒன்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம்.

அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் அரசனது குதிரைக் கண்காணிப்பாளரின் கடமைகள் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குதிரையின் குலம், வயது, நிறம், அடையாளம், வந்த வழி ஆகியவற்றை அவர் பதிந்து வைத்தல் வேண்டும். தீவனத்துக்கும் அளவு உண்டு. உயர்தரக் குதிரைக்கு இரண்டு துரோண அளவு தானியம், ஒரு பிரஸ்தம் எண்ணெய், ஐந்து பலம் உப்பு முதலியன குறிக்கப்பட்டுள்ளன. அக்கால அரண்மனை வழக்கப்படி புலாலும் அப்பட்டியலில் இடம் பெற்றுள்ளது. உடல் மெலிந்தாலும் பெருத்தாலும் சீர்செய்வதும், பருவத்துக்கு ஏற்ப உணவை மாற்றுவதும் குதிரை மருத்துவரின் பொறுப்பாகும். போராலும் நோயாலும் மூப்பாலும் வேலைத்திறன் இழந்த குதிரைகளுக்கும் உயிர் தாங்கும் அளவு உணவு தரப்பட வேண்டும் என்பது அந்நூலின் விதி. பயன் தீர்ந்தமையால் பங்கு தீர்ந்துவிடவில்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு இக்கருத்தை மேலும் விரித்தது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி ஏற்படுத்தப்பட்டதையும், மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை தருவித்து நடப்பட்டதையும் அது அறிவிக்கிறது. அவ்வறம் எட்டிய நாடுகளுள் சோழ, பாண்டிய நாடுகளின் பெயர்களும் உள்ளன.

ஆயினும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பாண்டிய நாட்டுக் குதிரைகளின் வரலாறு துயரமானது. ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் கடல் வழியே வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். வறுத்த தானியத்தை வெண்ணெயிட்டுக் கொடுத்து, காய்ச்சிய பசுவின் பாலைப் புகட்டினர் என்பது அவர் கூற்று. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் கொடுத்தனர் என்றார் மார்க்கோ போலோ. ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்றும், விற்பனை குறையாதிருக்கக் குதிரை மருத்துவர் இங்கு வருவதை வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் தீவனம் பொருந்தவில்லை என்பதில் இருவரும் ஒத்துள்ளனர். பொன் கொடுத்து வாங்கப்பட்ட அவ்வுயிர்களுள் பல மூப்பைக் காணவே இல்லை.

தீவனப் பிழையின் காரணங்களைப் பிற்கால அறிவியல் விளக்கியது. வைட்டமின் என்னும் பெயர் 1912-இல் தோன்றியது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதனையே நாளும் தின்ற மாவு ஆலைக் குதிரைகளின் எலும்புகள் வலுவிழந்து, முகம் வீங்கின. உடல் தன் எலும்பையே கரைத்துக் கால்சியத்தை ஈடுசெய்ததே அதன் காரணம். பசும்புல் கிட்டாத குதிரைக்கு வைட்டமின் ஏ, ஈ ஆகியவை குறையும். முதிய குதிரையோ பல் தேய்வினால் நார்த்தீவனத்தை மெல்ல இயலாது மெலியும். ஆதலின் ஊறவைத்த மென்தீவனமும் உப்பும் தூய நீரும் முதலில் வேண்டுவன. தாதுச் சத்துகளைக் குறையறிந்து, மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தல் வேண்டும்; மிகையும் தீங்கே.

அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் மிகுபாரம் ஏற்றுதலும் அன்னபான நிரோதமும் அடங்கும். முன்னது உழைக்கும் விலங்குக்கு இழைக்கப்படும் குற்றம். பின்னது உழைத்து ஓய்ந்த விலங்குக்கு எளிதில் நேர்வது. 1834-இல் மும்பையில் நிறுவப்பட்ட பிஞ்சராபோல் போன்ற காப்பகங்கள் அக்குற்றம் நேராது காக்க எழுந்தவை. ஆயின் முதிய உயிருக்குத் தீவனம் இட்டால் மட்டும் போதாது. அது மென்று செரிக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். அறிந்து அளிக்கும் உணவே கருணை முழுமை பெறும் உணவாகும்.