கணக்கேடு யார் கையில்?

இலங்கை மலையகத்தில் பல தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து நிறுக்க மின்தராசு வந்துவிட்டது. தொழிலாளியின் அட்டையைக் கருவி வாசித்ததும், கூடையின் நிறை அவர் பெயருக்கு நேரே பதிவாகித் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. தொழிலாளரை வேவு பார்க்கும் புதிய வழி இது என்று சிலர் அஞ்சுகிறார்கள். நிறுவைக் களவுக்கு முடிவு வந்தது என்று வேறு சிலர் வரவேற்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தத் தோட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: எந்தக் கருவியால் கணக்கு எழுதினார்கள் என்பதைவிட, எழுதிய கணக்கு யார் வசம் இருந்தது, அதை மறுத்துப் பேச யாரால் முடிந்தது என்பதே இங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கிறது.

திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணி அழைத்துவந்த மக்கள், கோப்பித் தோட்டத்திலோ பின்னர் தேயிலைத் தோட்டத்திலோ கால் வைக்கும் முன்பே ஒரு கணக்குக்குள் வந்துவிட்டார்கள். வழிச்செலவு, அரிசி, முன்பணம் எல்லாம் கடனாக ஏறியிருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகரச் சீட்டோடு அவர்கள் கடல் கடந்தார்கள். தோட்டத்தில் விடியும் முன் தப்படித்துப் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணினார்கள். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், ஒருவரும் குடியிருப்பு லயத்தில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவனுக்கும் வருமானமாயிற்று. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்பலாம். இவை எல்லாவற்றிலும் கொடியது துண்டு முறை. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதைக் காட்டிக் கங்காணி அடுத்த தோட்டத்தில் கூடுதல் முன்பணம் வாங்குவான். கூடிய கடன் தொழிலாளியின் தலையில் ஏறும். தன் பெயரில் எவ்வளவு கடன் என்பது எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதருக்குப் பெரும்பாலும் தெரியாது. தாளும் மையும் மட்டுமே இருந்த காலத்தின் கண்காணிப்பு இது.

இந்தப் பிடி தளர்ந்ததற்கு எந்தக் கருவியும் காரணமாக இருக்கவில்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து தோட்டங்களின் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தொழிற்சங்க சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத்துக்குள் மட்டுமே இருந்த கணக்கு வெளியாரின் பார்வைக்கு வந்தது. அதனால் நீதி முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி வகுக்கப்பட்டது. சமக் கூலி வர 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்து பறிப்பதில் பெரும் பங்கு பெண்களுடையது என்பதை நினைத்தால் இந்தத் தாமதம் எவ்வளவு பெரிய சுரண்டல் என்பது புரியும்.

மின்தராசை ஆதரிப்பவர்களின் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்தபடி கழித்த கிலோக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கூலியைத் தின்றிருக்கின்றன. நிறை எண்ணாகக் கண்முன் தெரிவது உண்மையான ஆதாயம். ஆனால் கழிவு எவ்வளவு என்பதைத் தராசு முடிவு செய்வதில்லை. ஒரு நாட்கூலிக்கு எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பதையும் அது முடிவு செய்வதில்லை. 2021இல் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்கியபோது, கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. அதன்பின் கிலோ அளவைக் கம்பனிகள் தம் விருப்பப்படி உயர்த்துவதாகத் தொழிலாளரும் சங்கங்களும் முறையிட்டார்கள். நிறுவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், எட்ட வேண்டிய அளவை ஒரு தரப்பு மட்டும் எழுதினால் அந்தத் துல்லியம் எழுதியவருக்கே உதவும்.

காலங்காலமாகக் கங்காணியின் கண்ணுக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு மின்தராசின் கண்காணிப்பில் புதிதாக என்ன என்று கேட்கலாம். கங்காணியின் ஆட்சியை நான் நியாயப்படுத்தவில்லை. சாதியும் உறவும் விரோதமும் அதில் கலந்திருந்தன. என்றாலும் எந்த மலையில் செடி கிழடு, எந்தச் சரிவில் கூடையோடு ஏறுவது கடினம், வறட்சி மாதத்தில் கொழுந்து எவ்வளவு தேறும் என்பதை அவன் நேரில் அறிவான். அதைச் சொல்லி அவனோடு வாதாடவும் முடிந்தது. பதிவுக்குப் போகிற எண்ணில் சரிவும் வெயிலும் இல்லை. அது அழிவதும் இல்லை. மாதக்கணக்கில் சேர்ந்து, ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவும், அடுத்த ஆண்டின் அளவை நிர்ணயிக்கவும் பயன்படக்கூடியது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. அது நல்ல தொடக்கம். தோட்டத்துக்கு அது போதாது. ஒரு பெண் தன் கிலோக்களை மட்டும் பார்த்து, நாளைய அளவு எப்படி வகுக்கப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. முழுத் தோட்டத்தின் பதிவும், கழிவுக்கான விதியும், அளவு உயர்த்தப்பட்டதற்கான காரணமும் தமிழில் சங்கத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அளவு மாறும் முன்பே வைக்கப்பட வேண்டும்.