காற்றுக்குப் பட்டா

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டிய பெர்ல்ஸ் ஹில் குன்றில் ஒரு கொண்டோ வீட்டைப் பார்க்க அப்பாவோடு போயிருந்தேன். ஓர் அறை வீடு. விலை ஒரு மில்லியன் வெள்ளிக்குச் சற்று மேல். எனக்கு 28 வயது, கல்யாணம் ஆகவில்லை. தனியாள் சொந்தமாக வீவக வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அதுவரை எனக்குத் திறந்திருப்பது தனியார் வீட்டுக் கதவு மட்டும்தான். முகவர் ஜன்னல் வழியாகச் சைனாடவுனின் ஓட்டுக் கூரைகளைக் காட்டினார். அப்பா கீழே எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகில் கேட்டார்: "இதுல நம்ம மண்ணு எவ்வளவுடா?"

அப்போதைக்குச் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இந்தக் குன்றில் யாருக்கு என்ன சொந்தம் என்ற கேள்விக்கு இருநூறு வயது ஆகிறது.

1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்த கப்பல் 'இந்தியானா'. அதன் தலைவர் கேப்டன் ஜேம்ஸ் பெர்ல். அதே கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. பெர்ல் 1822இல் இந்தக் குன்றிலிருந்த கம்பீர்த் தோட்டங்களை வாங்கி மிளகு பயிரிட்டார், குன்றுக்கு ராஃபிள்ஸின் பெயரையே வைத்தார். அனுமதி கேட்காமல் வாங்கினார் என்று ராஃபிள்ஸுக்குக் கோபம். நிலத்தைப் பறித்துக்கொண்டு, பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுத்தார். 1828இல் பெர்ல் குன்றை அரசாங்கத்திடமே விற்றுவிட்டார். பெயர் மட்டும் தங்கியது.

நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார். கோயில் கட்ட அவருக்கு முதலில் கிடைத்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. அடுத்த இடம் நகரத் திட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் சவுத் பிரிட்ஜ் சாலையில் கிடைத்த நிலத்தில் 1827இல் மரமும் அத்தாப்புமாக மாரியம்மன் கோயில் எழுந்தது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் காலத்துக்குச் சொத்து என்றால் நிலம். நிலம் யாருடையதோ அதன் மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது. ஆனால் இருபதாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு நிலம் எங்கே? இந்தச் சிக்கலுக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961இல் ஒரு சட்டத்தின் மூலம் வழி கண்டது. அடுக்குமாடிகளை எளிதாக விற்க வேண்டும் என்று விரும்பிய டூசெல்டோர்ப் போன்ற கட்டுமான முதலாளிகள் அந்தச் சட்டத்துக்காக மெனக்கெட்டார்கள். சுவர்களுக்கும் தரைக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் வெளிக்குத் தனிப் பத்திரம். நிலமும் படிக்கட்டும் லிஃப்டும் எல்லாருக்கும் பொது. அந்தப் பொதுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு எண். இதே முறையைச் சிங்கப்பூர் 1967இல் தன் சட்டமாக்கிக்கொண்டது. காற்றுக்குப் பட்டா கிடைத்தது.

அது சும்மா வந்த சட்டம் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 1966இல், நிலம் எடுப்புச் சட்டம் வந்திருந்தது. நகர நடுவில் துண்டுதுண்டாகக் கிடந்த கடைவீட்டு நிலங்களை அரசு கையகப்படுத்தி, ஒன்றாக்கி, 1967 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு ஏலம் விட்டது. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் அப்படி 1973இல் எழுந்தது. பெர்ல்ஸ் ஹில்லில் 1976இல் டான் செங் சியோங் வடிவமைத்த பெர்ல் பேங்க் அடுக்குமாடி முடிந்தது. 38 மாடி, குதிரை லாட வடிவம், 280 வீடுகள். அன்றைக்குச் சிங்கப்பூரின் மிக உயரமான குடியிருப்பு அதுதான். 1981இலிருந்து தனியார் வீட்டுக்கும் மத்திய சேம நிதிப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்றானதும், மாதச் சம்பளக்காரர்களும் கொண்டோ கனவு காணத் தொடங்கினார்கள்.

1999இல் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஒரு கட்டடத்தை மொத்தமாக விற்க எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்க வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் விற்பனை நின்றுவிடும். திருத்தத்துக்குப் பிறகு, 10 ஆண்டு கடந்த கட்டடம் என்றால் 80 சதவீதம் போதும். 10 ஆண்டு ஆகாதது என்றால் 90. சம்மதிக்காதவரும் வெளியேறத்தான் வேண்டும்.

பெர்ல் பேங்கை மொத்தமாக விற்க நடந்த முந்தைய முயற்சிகள் தோற்றன. குழாய்கள் கசிந்தன, குத்தகை ஆண்டுகள் கரைந்தன. 2015இல் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று குடியிருப்பாளர்கள் மனுப் போட்டார்கள். வடிவமைத்த டான் செங் சியோங்கும் அவர்களோடு நின்றார். பெரும்பாலானோர் ஆதரித்தும் அது நடக்கவில்லை. பாதுகாக்க ஒருவர் விடாமல் எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. இடிப்பதற்கு எண்பது போதும், காப்பாற்றுவதற்கு நூறு. 2018 பிப்ரவரியில் 728 மில்லியன் வெள்ளிக்குக் கைமாறியது. அப்போது குத்தகையில் 51 ஆண்டு மிச்சம் இருந்தது.

2019இல் பல்கலைக்கழக நண்பர்களோடு அதைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். கட்டுமானப் பொறியியல் படிக்கும் திமிரில், "இந்தக் கான்கிரீட் இன்னும் நாற்பது வருஷம் நிக்கும்டா" என்று பேசினேன், நிறையப் படம் எடுத்தேன், கோபப்பட்டேன். கான்கிரீட்டைப் பற்றி நான் சொன்னதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கோபத்தின் மேல்தான் சந்தேகம். கசியும் குழாயும் கரையும் குத்தகையுமாக அங்கே எனக்கு ஒரு வீடு இருந்து, கைநிறையப் பணம் தருகிறேன் என்று ஒருவர் தாளை நீட்டியிருந்தால்? கையெழுத்துப் போட்டிருப்பேன். படம் எடுத்தவனும் நான்தான், அந்த எண்பதில் ஒருவனாக இருந்திருப்பவனும் நான்தான்.

அதே இடத்தில் இப்போது 39 மாடியில் 774 வீடுகள். 280 இருந்த இடத்தில்! குத்தகை மறுபடியும் 99இலிருந்து தொடங்கியது. நாங்கள் பார்த்த வீடு அதில் ஒன்று.

திரும்பும் வழியில் கோயிலுக்குப் போய்விட்டு எதிரே காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அப்பாவுக்கு விளக்கினேன். மண் என்று தனியாக எதுவும் இல்லை, ஒரு பங்கு எண் மட்டும்தான். அதுவும் 99 வருஷத்துக்கு.

"என் வீடும் 99தானேடா."

"ஆமாப்பா."

"ஆனா என் வீட்ட விக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரன் கையெழுத்து வேட்டைக்குக் கெளம்ப முடியாதே."

"அரசாங்கம் எடுத்துக்கலாம்ப்பா."

"அது வேற." கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத விக்கறதுன்னா யாரு கையெழுத்துப் போடுவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டைப் பற்றி யோசித்துச் சொல்வதாக முகவருக்குச் செய்தி அனுப்பினேன். பழைய பெர்ல் பேங்க் படங்கள் இன்னும் என் கைப்பேசியில் இருக்கின்றன. அன்று இரவு அவற்றை அப்பாவுக்குக் காட்டினேன். ஒவ்வொரு மாடியாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு ஜன்னலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.